பதினேழாம் நம்பர் மச்சான்

அந்த அதிகாரிக்கு வாழ்க்கையில் எல்லாம் இருந்தது. மச்சான் ஒருவன்தான் இல்லை.

அவர் அக்கா தங்கை இல்லாத ஒற்றைப் பிள்ளை. கட்டிக்கொண்டவளும் அண்ணன் தம்பி இல்லாத ஒற்றைப் பெண். ஆக, மச்சான் வருவதற்கு உள்ள இரண்டு வழியும் அடைபட்டுப் போயிற்று. அலுவலகத்தில் ஆளாளுக்கு "எங்க மச்சான் இருக்கானே..." என்று ஆரம்பித்து மணிக்கணக்கில் திட்டித் தீர்ப்பார்கள். திட்டுவதற்குக்கூட நமக்கு ஓர் ஆள் இல்லையே என்று மனிதர் உள்ளுக்குள் ஏங்குவார். ஐம்பத்திரண்டாவது வயதில்தான் அவருக்கு ஒரு மச்சான் வாய்த்தான். ஐந்தடி உயரம், மெல்லிய உடம்பு, தலைகொள்ளாத முடி. தொட்டிக்குள் நின்றான். பனை ஜாதி, அறைக்குள் வைத்து வளர்க்கிற தொட்டிப்பனை.

அதைக் கொண்டுவந்து வைத்தவள் செடிக்காரம்மா. அவளும் அவள் வீட்டுக்காரரும் ஊரோரத்தில் பச்சை வலை கட்டிய ஒரு தோட்டம் வைத்து, அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிறவர்கள். தோட்டத்தில் வைத்தியம் அவர் பொறுப்பு. வெளியே போய்ப் பராமரிப்பது இவள் பொறுப்பு. அந்த மனிதர் வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையின் முன்பக்கம் நிறையும்; பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கும்.

அதிகாரி இருந்தது ஒரு லிஃப்ட் கம்பெனியின் நாலாவது மாடியில், புகார்ப் பிரிவில். ஊரில் எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் உள்ளே மாட்டியவர்களின் அழைப்பு அவர் மேஜைக்குத்தான் வரும். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அழுகை, அதட்டல், சாபம். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனால், அங்கே மனைவியிடமும் நாலு புகார் இருக்கும். ஊர்ப் புகாரெல்லாம் அவரிடம் வந்தது. அவர் புகார் போக ஓர் இடம் இல்லை. அதனால் மூலையில் நின்ற பனையிடம் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தார்.

"மச்சான், இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமாடா?"

பனை மறுத்துப் பேசவில்லை. உறவு நிலைத்துவிட்டது.

செடிக்காரம்மா செவ்வாய்தோறும் வருவாள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பாள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. உள்ளங்கையில் இலையைத் தாங்கிக்கொண்டு மேலும் கீழும் ஈரத்துணியால் துடைப்பாள். காய்ந்த நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கும்போது, பச்சையில் பட்டுவிடாமல் ஒரு மயிரிழை பழுப்பை விட்டே நறுக்குவாள். போகும்போது தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைப்பாள், எல்லாப் பக்கமும் வெளிச்சம் பார்க்கட்டும் என்று. இவ்வளவும் நடக்கிற நேரத்தில் அதிகாரி மச்சானிடம் பேசிக்கொண்டே இருப்பார். இவள் காதிலும் விழும். விழாமல் எங்கே போகும்?

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. வெயில் எட்டாத அறையில், ஏசிக் குளிரில், எந்தப் பனையும் இரண்டு மாதத்துக்குமேல் முகம் மலர்ந்து நிற்காது. நுனி கருகும், இலை வெளுக்கும். அப்போது அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வலைக்குக் கீழே தேற்றிவிட்டு, தேறிய வேறொன்றை அறையில் வைப்பார்கள். செடி வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அந்த வழக்கப்படி, இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அதிகாரி சாப்பிடப் போயிருந்த சமயத்தில் இவளும் மாற்றி வைத்தாள். சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் காத்திருந்தாள். கதவைத் திறந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான்! தேறிட்டியாடா! காலையில படுத்த படுக்கையா கிடந்தியே!" திரும்பி இவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அம்மா, உங்க கை சாதாரணக் கை இல்லம்மா."

செடிக்காரம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அன்றைக்கு மூடிய வாய் ஆறு வருஷம் மூடியே இருந்தது. ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் நம்பர் போட்ட தகரத் தகடு ஒன்று தொங்கும். முதல் பனையின் நம்பர் பதினேழு என்பது அதிகாரிக்கு மனப்பாடம். ஆகவே, மாற்றும்போதெல்லாம் அந்தத் தகட்டைக் கழற்றிப் புதிதாக வந்ததில் மாட்டிவிடுவாள். திரும்பிப் போகிற பனை தகடில்லாமல் மொட்டையாகப் போகும். தோட்டத்தில் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தகடு எங்க?" என்பார். "விழுந்திருக்கும்" என்பாள். அந்த மாதத்துப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒருமுறை கைவசம் வேறு பனை இல்லாமல், மூங்கில் மாதிரி ஒல்லியான வேறு ரகத்தைக் கொண்டுபோய் வைத்தாள். அதிகாரி பதறிவிட்டார். "இவனுக்கு ஏதோ மனக்கவலை. உடம்பு பாதியாப் போச்சு." இன்னொரு முறை வைத்தது ஓரடி உயரம் கூடுதல். "வளர்ற வயசு" என்று பூரித்துப் போனார். அடுத்த முறை வைத்தது ஒன்றரை அடி குட்டை. அதற்கு அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து அவனை ஒரு வார்த்தை அதட்டிட்டேம்மா. சுருங்கிட்டான்."

மூன்று நாள் அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

கட்டிடத்தின் வாசலில் இருந்த காவல்காரருக்கு எல்லாம் தெரியும். இவள் தள்ளுவண்டியில் பனையை ஏற்றிக்கொண்டு வந்தால் போதும், "ஏம்மா, இன்னைக்கு மச்சான் மாத்தமா?" என்பார்.

"மெதுவா பேசுங்கண்ணே."

"எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான். முப்பது வருஷமா அதே மச்சான். அவனுக்கும் ஒரு வழி பண்ணுங்களேன்."

இப்படியே ஓடிக்கொண்டிருந்த கதைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முட்டுக்கட்டை விழுந்தது.

"அம்மா, வர்ற வெள்ளிக்கிழமையோட எனக்கு வேலை முடியுது" என்றார் அதிகாரி. "மச்சானை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கம்பெனியில சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

செடிக்காரம்மாவின் கையிலிருந்த துணி இலையிலேயே நின்றுவிட்டது.

"வீட்டுல ஜன்னல் ஓரம் இடம் ஒழிச்சாச்சு. அவளே தரையைத் தேய்ச்சுக் கழுவி வச்சிருக்கா. பின்ன, பொறந்ததிலேர்ந்து கூடப்பொறந்தவன்னு ஒருத்தனைப் பார்க்காதவ. முதல்முதலா அண்ணன் வர்றான்னா சும்மாவா? என்கிட்ட கேக்கறா, அண்ணனா தம்பியான்னு. ஆறு வருஷம் என் கதை முழுக்கக் கேட்டவன், அண்ணன்னே வச்சுக்கோன்னு சொல்லிட்டேன்."

மூலையில் நின்ற அண்ணன் அங்கே வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

அன்றிரவு அவள் வலைக்குக் கீழே பனைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். ஓர் அறையின் மூலையில் கிடந்த பொய் இப்போது ஒரு வீட்டுக்குள் குடிபோகப் பார்க்கிறது. அவர் மனைவி தரையைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். சொல்லிவிடலாமா? சொன்னால் அந்த மனிதருக்கு இருந்த ஒரே மச்சானும் போய்விடுவான். சொல்லாவிட்டால், ஒன்றும் தெரியாத ஒரு பதினொரு நாள் பிள்ளை ஆறு வருஷத்து நம்பிக்கையைச் சுமந்துகொண்டு அந்த ஜன்னலில் நிற்கும். யோசித்து யோசித்து, உரிமை என்று பார்த்தால் முதல் பனைக்குத்தானே உரிமை என்ற முடிவுக்கு வந்தாள். அசல் பதினேழு தோட்டத்திலேயே இருந்தது. ஒரு தண்டு மட்டும் ஊன்றுகோல் பிடித்த மாதிரி சாய்ந்திருக்கும், தகடு இல்லாவிட்டாலும் அவளுக்கு அடையாளம் தெரியும். கடைசியாக ஒரே ஒரு தடவை மாற்றிவிட்டால் பாதிப் பொய்யாவது நேராகிவிடும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதிகாரி சாப்பிடப் போன நேரம் பார்த்து முதல் மச்சானை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனாள். கதவு திறந்தால், நடையில் தொட்டியை இறக்க இடமே இல்லை. பிரிவுபசாரத்துக்காக நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சரி, லிஃப்டுக்குள்ளேயே வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று அறையிலிருந்த பதினொரு நாள் பனையை இழுத்து வந்து உள்ளே நிறுத்தினாள். இரண்டு பனைக்கும் நடுவே குனிந்து தகட்டைக் கழற்றினாள். கதவு சாத்திக்கொண்டது. யாரோ கீழே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். லிஃப்ட் இறங்கியது, ஒரு குலுக்கு குலுக்கியது, மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டது.

லிஃப்ட் கம்பெனிக்குள் லிஃப்ட் நிற்காது என்று யார் சொன்னது?

முகத்தில் இலை உரச, பின்னங்கழுத்தில் இலை குத்த, தேடிப் பிடித்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மணி அடித்தது. சுவரிலிருந்த சல்லடைத் துளை வழியாக ஒரு குரல் வந்தது.

"வணக்கம், புகார்ப் பிரிவு. பதறாதீங்க. கதவு திறக்கற வரைக்கும் நான் லைன்லயே இருப்பேன்."

அதே குரல். கடைசி நாளாயிற்றே என்று சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு அப்போதுதான் படியேறி வந்து உட்கார்ந்திருந்தார். லிஃப்டுக்குள்ளேயே அவள் குரல் எதிரொலித்ததில் பேசுவது யாரென்று அவருக்குப் பிடிபடவில்லை.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

செடிக்காரம்மா இரண்டு பனையையும் பார்த்தாள். "மூணு பேர் சார்."

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நான் நல்லா இருக்கேன். மத்த ரெண்டு பேரும் பேசமாட்டாங்க."

"மயக்கமா?"

"இல்லைங்க. பொறந்ததிலேர்ந்தே பேச்சு கிடையாது."

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "சரி. அந்த ரெண்டு பேரும் உங்களுக்கு என்ன உறவு?"

"எனக்கு உறவு இல்லை சார். உங்களுக்குத்தான்."

பேனா நின்றது.

"எனக்கா?"

"ரெண்டு பேருமே உங்க மச்சான் சார்."

சல்லடைத் துளையில் நாற்காலி கிரீச்சென்று திரும்புகிற சத்தம். அறையின் காலி மூலையை அவர் திரும்பிப் பார்த்திருப்பார் என்று அவளுக்குப் புரிந்தது. லிஃப்டுக்குள் ஓடி ஒளிய இடமில்லை. லைனை வைப்பதற்கும் அவர் பிரிவின் விதியில் இடமில்லை. மெக்கானிக் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷத்தில் அவள் ஆறு வருஷத்தையும் சொல்லி முடித்தாள். அவர் குறுக்கே கேட்ட கேள்விகள் கொஞ்சம்தான்.

"அந்த இளைச்சுப் போனது?"

"அது வேற ரகம் சார்."

"வளர்ற வயசுன்னு நான் சொன்னது?"

"அது பெரிய செடி."

"சுருங்கினது... மூணு நாள் மன்னிப்புக் கேட்டேனேம்மா."

"தெரியும் சார். இலை துடைச்சுக்கிட்டே நானும் கேட்டேன்."

"மொத்தம் எத்தனை பேர்?"

"இப்ப இருக்கறதோட பதினாலு."

கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அதற்குப் பதில், அந்தக் குரல் திடீரென்று பதறியது.

"அப்ப பல்லு?"

"எந்தப் பல்லு சார்?"

"பல் டாக்டர் கதைம்மா! போன வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில மச்சான்கிட்ட பாதி சொன்னேன். டாக்டர் கிடுக்கியைத் தூக்கிட்டு வந்தாரு, நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள போன் வந்துடுச்சு. மீதியைத் திங்கட்கிழமைதான் சொன்னேன். நடுவுல நீங்க ஆளை மாத்திட்டீங்களா?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அந்த வெள்ளிக்கிழமை மத்தியானந்தான் மாத்தினேன் சார்."

"ஐயோ! அப்ப ஒருத்தன் ஒரு வருஷமா கிடுக்கியைப் பார்த்துக்கிட்டே நிக்கிறானேம்மா! இன்னொருத்தனுக்கு, பல்லு போச்சுன்னு மட்டும் தெரியும், யாரு பல்லுன்னே தெரியாது!"

கதவு திறந்தபோது அதிகாரி வெளியே நின்றிருந்தார். கையில் புகார்ப் படிவம். இரண்டு பனைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சாய்ந்த தண்டுக்காரனிடம் வந்ததும் பார்வை கொஞ்சம் தங்கியது. செடிக்காரம்மா தகட்டை நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார், என்னை..."

"ஆரம்பத்தைக் கேட்டவனுக்கு முடிவைச் சொல்லாம புகாரை மூட முடியாதும்மா. நாளைக்குக் காலையில தோட்டத்துக்கு வர்றேன்."

சாயங்காலம் பிரிவுபசாரத்தில் எல்லோரும் புகழ்ந்து பேசினார்கள். அவர் எழுந்து "நன்றி, எனக்குக் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம்.

மறுநாள் சொன்னபடி வந்தார். பச்சை வலைக்குக் கீழே தகடில்லாத பதின்மூன்று பனைகளையும் செடிக்காரம்மா வரிசையாக நிறுத்தியிருந்தாள். பதினொரு நாள் பனை தனியாக ஓரமாக நின்றது. அதிகாரி வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். பெண் வீட்டார் கூட்டத்துக்குள் நுழைந்த மாப்பிள்ளை மாதிரி அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒரு மச்சானுக்கு ஏங்கினேன். இத்தனை பேரா?" என்றார். பிறகு அவளிடம், "இதுல கிடுக்கிக்காரன் யாரு?"

"தகடு இல்லாம தெரியலையே சார்."

"அப்ப எல்லாருக்கும்தான் சொல்லணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, பொதுவாக வரிசையைப் பார்த்து முதலிலிருந்தே ஆரம்பித்தார். பல்வலி வந்தது, டாக்டர் வீட்டுக்குப் போனது, கிடுக்கி வந்தது, வாயைத் திறந்தது. வலி மேலே இடதுபக்கம். டாக்டர் பிடித்தது கீழே வலதுபக்கம். வாய் நிறைய கிடுக்கி இருக்கும்போது அது இல்லை என்று எப்படிச் சொல்வது? கையைக் கையை ஆட்டினால் பயப்படுகிறார் என்று நினைத்து டாக்டர் இன்னும் கெட்டியாகப் பிடித்தார்.

"ம்" என்று ஒரு சத்தம் கேட்டது.

அதிகாரி திடுக்கிட்டுப் பனைகளைப் பார்த்தார். பனைகள் சும்மா நின்றன. வரிசைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயும் கையுமாக செடிக்காரம்மாவின் வீட்டுக்காரர் நின்றிருந்தார். குழாய் அவர் காலடியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"அப்புறம்?" என்றார் அவர்.

செடிக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் தன்னிடம் ஒரு நாளாவது ஓர் அப்புறம் கேட்டிருப்பாரா இந்த மனிதர்?

அதிகாரிக்கு அதைவிட. ஆறு வருஷமாக எத்தனை கதை சொல்லியிருப்பார், ஒரு மச்சானாவது ம் கொட்டியிருப்பானா? மெல்ல இரண்டடி முன்னால் போனார். "அப்புறம் என்ன? நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில குடுத்துட்டாரு."

"கெட்டது?"

"அது அங்கேயே இருக்கு. இன்னைக்கும் வலிக்குது."

வீட்டுக்காரரின் தோள் குலுங்கியது. சத்தமே வராமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காலித் தொட்டியை எடுத்து, தூசியைத் தட்டி, கவிழ்த்து அதிகாரி பக்கம் நகர்த்தினார். உட்காரச் சொல்கிறாராம்.

உட்கார்ந்த அதிகாரி சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "புகாருக்குக் காரணமானவர்" என்ற இடத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். செடிக்காரம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சேம்மா. பதினாலு பேரும் துண்டு துண்டாத்தான் கேட்டிருக்காங்க. ஆறு வருஷமும் விட்டுப் போகாம கேட்டது நீங்க ஒருத்தர்தான். கூடப்பொறந்த தங்கச்சிகூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டா. இதுல உங்க பேரை நான் என்னன்னு எழுதறது? தங்கச்சி மேல யாரு புகார் எழுதுவாங்க?"

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே அப்போதுதான் உறைத்த மாதிரி நிறுத்தினார். விரல்விட்டு எண்ணினார். ஒரு விரல் செடிக்காரம்மா பக்கம் போனது; அடுத்த விரல் குழாயும் கையுமாக நின்ற மனிதர் பக்கம் போனது.

"நீங்க தங்கச்சின்னா... அப்ப இவரு?"

வீட்டுக்காரர் குழாயைக் கீழே போட்டார்.

"தகடு எங்க?" என்றார்.

அதிகாரி பையைத் துழாவிப் பதினேழாம் நம்பர் தகட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. அவர் அதைத் துடைத்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அதிகாரி உட்கார்ந்திருந்த காலித் தொட்டியின் விளிம்பில் மாட்டினார்.

ஜன்னலோரத்துக்குப் போனது பதினொரு நாள் பனைதான். அதிகாரியே அப்படிச் சொல்லிவிட்டார். "இவன் காதுல இன்னும் என் கதை அதிகமா ஏறலை. அவளுக்கும் என்னைப் பத்திச் சொல்ல எவ்வளவோ இருக்கும். அண்ணன்கிட்ட அவ முதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்." அதிகாரியின் மனைவி ஆரம்பித்துவிட்டாளாம். பனை நன்றாகத் தழைத்திருக்கிறது; புதுக்குருத்து இரண்டு விட்டிருக்கிறது.

அதிகாரி இப்போது செவ்வாய்தோறும் தோட்டத்துக்கு வருகிறார். கவிழ்த்த தொட்டியில் உட்கார்ந்து, "மச்சான், இந்த வாரம் என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தால், எதிரே மண் கிளறிக்கொண்டே ஒரு "ம்" வரும். முக்கியமான இடத்தில் ஓர் "அப்புறம்" வரும். செடிக்காரம்மா வேலை முடிந்து திரும்பும்போதும் கதை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவள் இரண்டு பேருக்கும் டீ வைப்பாள். பிறகு பழக்கதோஷத்தில், பதினேழாம் நம்பர்த் தொட்டியை அவர் உட்கார்ந்தபடியே இருக்கக் கால்வட்டம் திருப்பிவிட்டுப் போவாள், அந்தப் பக்கமும் வெளிச்சம் பார்க்கட்டும் என்று.